என் கையைக் கற்றுக்கொண்ட பெட்டி

1981 அக்டோபர் 4, ஞாயிறு

நேற்று மண்டபத்தில் அவமானம். யாரும் திட்டவில்லை, எதையும் எறியவில்லை. நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்டோக்ஸ் அம்மாவின் மாதர் சங்கம் பிடித்த மண்டபம். மேசைக்கு ஒரு குடும்பம், அவரவர் வீட்டுக் கோழி வறுவல், அவரவர் புட்டி, நடுவில் ஆடும் தளம், மேடையில் நாங்கள். நாங்கள் என்றால் என் மாமனார் ஹோரஸ் பெட்வேயின் குழு; ஃபங்க் என்கிற ஆட்ட இசை வாசிப்போம். ஐந்து பேர், வெளிர்நீல சூட். மாமா முன்னால் பேஸ் கித்தாரோடு நிற்பார். நான் பின்னால், சுவரை ஒட்டி, டிரம்ஸுக்கு நடுவில். மற்றவர்கள் சாமான்களை நகர்த்தினால் ஒழிய நான் வெளியே வர முடியாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் இடைவேளைதான்.

இடைவேளையில் இசைத்தட்டு போட லூசியஸை வைத்திருந்தார்கள். இசைத்தட்டுக் கடைக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் ஜெர்மன்காரர்களின் தட்டு ஒன்றைப் போட்டான். பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மின்சாரத்தால் செய்த தாளம், மின்சாரத்தால் செய்த குரல், நடுநடுவே யாரோ தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம். இதற்கு எவன் ஆடுவான் என்று நினைத்தேன். எழுந்து வந்தவர்கள் இளவட்டங்கள் அல்ல, ஸ்டோக்ஸ் அம்மாவும் அவர் சங்கத்துப் பெண்களும்! எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள். வரிசையாக நின்று, அந்தப் பக்கம் நான்கு அடி, இந்தப் பக்கம் நான்கு அடி, அப்புறம் ஒரு திரும்பல். ஒருவர் கால் ஒருவர் மேல் படவில்லை. வாரம் முழுக்க சர்ச்சின் கீழ்த்தளத்தில் அந்தத் தட்டை வைத்துத்தான் பழகினார்களாம்.

பிறகு நாங்கள் ஏறினோம். இரண்டாவது பாட்டுக்குள் தளம் காலி. மாமா திரும்பி என்னை முறைத்தார். "என்ன மாப்ள, பின்னால தூக்கமா?"

எனக்கென்ன தெரியும்? நான் எப்போதும் தட்டுவது போலத்தான் தட்டினேன்.

அக்டோபர் 6

என்னை நிறுத்திய கார் தொழிற்சாலையிலிருந்து இன்றும் வேலைக்கு அழைப்பு இல்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

சர்ச் முடிந்து, சாப்பாட்டு மேசையில் மாமா அறிவித்தார்: அந்த ஜெர்மன் பாட்டை நாமே வாசிக்கப்போகிறோம்.

"மெஷினு வாசிக்குது. அஞ்சு ஆம்பளைங்க வாசிக்க மாட்டோமா?"

என் மனைவி வெர்னிட்டா கீரையைக் கிளறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சிரிக்காதே என்று அர்த்தம். நான் சிரிக்கவில்லை. அவர் வீட்டில், அவர் மேசையில், அவர் வாங்கிய கோழியைத் தின்றுகொண்டு எப்படிச் சிரிப்பது?

என் கதையே இதுதான். வேலை போனபின் மாமா வீட்டு மாடிக்குக் குடிவந்தோம். 'ரெண்டு மாசம்' என்றோம். முன்பக்கப் படிக்கதவு பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிக்கொண்டது, திறக்காது. எனவே போவதும் வருவதும் மாமாவின் சமையலறை வழியாக. "எங்க கெளம்பிட்ட?" "எங்கயும் இல்ல மாமா." டிரம்ஸ் அவருடையது. சூட் அவர் தைத்துக் கொடுத்தது. மனைவி அவர் மகள். ராத்திரி படுத்து என்னுடையது என்று யோசித்தால் பல் துலக்கும் பிரஷ்தான் நினைவுக்கு வருகிறது.

கெட்ட மனிதர் என்று எழுத மனம் வரவில்லை. தெருவில் நின்றபோது கதவைத் திறந்தவர் அவர்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 15

கீழே ஒத்திகை. சிரமம் என்னவென்று இன்றுதான் புரிந்தது. அந்தத் தாளத்தில் செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டிய இடம்தான் நிறைய. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இரண்டு வரி முடிந்தால் டிரம்ஸில் கடகடவென ஒரு உருட்டல் உருட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவதுதானே எங்கள் பழக்கம்? மெஷின் உருட்டுவதே இல்லை. வரி முடிகிறது, அடுத்த வரி வருகிறது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ரோபோ குரலில் பாடினார். ஜலதோஷம் பிடித்த பாதிரியார் மாதிரி இருந்தது.

நவம்பர் 15, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

நேற்று மறுபடி அதே மண்டபம், அதே சங்கம். மாமா மைக்கைப் பிடித்து, "உங்களுக்காக ஒண்ணு புதுசா!" என்றார். ஜெர்மன் பாட்டை ஆரம்பித்தோம். ஸ்டோக்ஸ் அம்மாவின் முகம் மலர்ந்தது. வரிசைகள் சேர்ந்தன. நன்றாகத்தான் போனது. என் கையும் அடங்கித்தான் இருந்தது. அந்தப் பெண்கள் ஒன்றாக அசைவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே ஏதோ பொங்கியது. சந்தோஷம்தான். எத்தனையோ மாதம் கழித்து சந்தோஷம். கை தன்னால் போய் ஒரு உருட்டலைப் போட்டது.

உருட்டல் கேட்டால் திரும்பு — இந்த ஊரில் ஆடிய கால்களுக்கெல்லாம் அது பிறவியிலேயே தெரியும். ஆனால் இந்த ஆட்டத்தை அவர்கள் பழகியது உருட்டலே இல்லாத தட்டில், மனசுக்குள் எண்ணி எண்ணி. பாதிப் பேர் என் உருட்டலுக்குத் திரும்பினார்கள். பாதிப் பேர் எண்ணிக்கைக்குக் காத்திருந்தார்கள். முதல் வரிசை இரண்டாம் வரிசையோடு நேருக்கு நேர் மோதியது. ஸ்டோக்ஸ் அம்மாவின் டோப்பா யாரோ ஒருவரின் புரோச் ஊசியில் மாட்டிக்கொண்டது. ஒருவர் உருளைக்கிழங்கு சாலட் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நிமிடம் மண்டபமே சிரித்தது. அவர்கள் சிரிக்கவில்லை. டோப்பாவைச் சரிசெய்துகொண்டு ஸ்டோக்ஸ் அம்மா மேடைக்கே வந்தார்.

"தம்பி, உனக்கு என்ன அவசரம்? வீட்ல அடுப்புல ஏதாவது வச்சிட்டு வந்தியா?"

மாமா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவனுக்கு வேலையும் இல்ல, வேளையும் தெரியல."

எழுந்து போயிருக்க வேண்டும். போக வழி இருந்தால்தானே? முன்னால் ஆர்கன், பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகள், பின்னால் சுவர். அப்படியே உட்கார்ந்து அடுத்த பாட்டையும் வாசித்தேன்.

புத்தாண்டு விருந்துக்குக் குழு வேண்டாம், தட்டு மட்டும் போதும் என்று சங்கம் சொல்லிவிட்டது.

நவம்பர் 17

எங்கேயாவது போய்விட வேண்டும். எங்கே?

டிசம்பர் 3

லூசியஸ் கடைக்குப் போனேன். வீட்டில் 'தலைமுடி வெட்டப் போகிறேன்' என்றேன். இருபத்தொன்பது வயதுக்காரன் பொய் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே அவன் வாங்கி வைத்திருக்கும் புதுப் பெட்டி — டிரம்ஸ் வாசிக்கும் பெட்டி. பதினாறு பொத்தான் வரிசையாக. அமுக்கிய இடத்தில் அடி விழும், அமுக்காத இடத்தில் ஒன்றும் விழாது. அதுபாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வரும்.

"நம்ம ஆளுங்க வந்து ஜெர்மன்காரன் தட்டு இருக்கான்னு கேக்குறாங்கடா! வந்து நிக்கல, தீந்துடுது. நாமளே ஒண்ணு போட்டா என்ன? ஆனா நான் இதுல எதை அமுக்கினாலும் தட்டச்சு மெஷின் மாதிரி கேக்குது. நீ டிரம்ஸ்காரன். இதுக்குச் சொல்லிக் குடு."

"எனக்கே குழி தோண்டச் சொல்ற."

"இப்ப மட்டும் நீ மேட்டுலயா இருக்க?"

அவனுக்கு எப்போதும் வாய் அதிகம். ஆனால் பொய் சொல்லமாட்டான். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "முடி வெட்டலையா?" என்றார் மாமா. கடையில் கூட்டம் என்றேன்.

டிசம்பர் 9

போனேன். மறுபடியும் போனேன். இன்று மூன்றாவது முறை.

முதலில் என் பழக்கத்தில் எல்லாப் பொத்தானையும் நிரப்பினேன். செத்த சத்தம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்க உயிர் வந்தது. வரி முடிகிற இடத்தில், நான் வழக்கமாக உருட்டுகிற இடத்தில், ஒன்றுமே வைக்காமல் விட்டேன். முதல் அடியைக் கனமாக வைத்தேன், அது இல்லாமல் ஃபங்க் இல்லை. பெட்டியில் இருக்கும் கைதட்டல் சத்தத்தை மட்டும் எங்கள் சர்ச்சில் பின்வரிசைக்காரர்கள் தட்டுகிற இடத்தில் வைத்தேன். லூசியஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவன் தோள் தானாக அசைந்தது.

யாராவது பத்திரிகைக்காரன் வந்தால், 'இது தொழிற்சாலைச் சத்தம், கார் ஊரின் சத்தம்' என்று எழுதுவான். நான் தகடு அழுத்தும் பிரிவில் வேலை செய்தவன். அங்கே எதுவும் தாளத்தில் விழுந்ததில்லை, விழுந்திருந்தால் என் காது இப்படிக் கெட்டிருக்காது. எனக்குப் பிடித்தது வேறு. ஜெர்மன்காரர்கள் நிறைய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நாங்கள் இத்தனை நாளும் இடமே விடாமல் வாசித்திருக்கிறோம். காலி இடம் இருந்தால்தான் கால் உள்ளே நுழையும்.

மூச்சு விடுகிற மாதிரி இருந்தது இன்று. அதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 20, ஞாயிறு

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. சர்ச் வாசலில் ஸ்டோக்ஸ் அம்மா, "உங்க மருமகன் லூசியஸ் கடையில மெஷினுக்குப் பாடம் எடுக்கறாராமே!" என்று பாராட்டாகச் சொல்லியிருக்கிறார்.

சமையலறையில் நிறுத்திக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அதுக்கு வேர்க்குமா மாப்ள?"

"வேர்க்காது மாமா."

"வேர்க்காதது எப்படி ஃபங்க் ஆகும்? முப்பது வருஷமா இந்தக் கட்டைவிரல் தேஞ்சிருக்கு. நீ போய் என் இடுப்பை ஒடிக்கிற சாமானுக்கு எண்ணெய் போட்டுட்டு வர. ஒண்ணு அந்தப் பெட்டி, இல்ல என் வீடு. யோசிச்சு சொல்லு."

யோசிக்கவே இல்லை. "சரி மாமா, போகல" என்றேன். உடனே, அங்கேயே, தொப்பியைக் கூடக் கழற்றாமல்.

மேலே வந்ததும் வெர்னிட்டா கேட்டாள்: "நீ போகணும்னா போயேன்? நான் ஆஸ்பத்திரி வேலைல இருக்கேன். சின்னதா ஒரு அறை பாத்துக்கலாம்."

"நீயே அவர்கிட்ட சொல்லேன்."

"நான் சொன்னா அது எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. உன் வாயால நீ சொல்லணும்."

என் வாய். இருக்கிறதா அது?

1982 ஜனவரி 19

பனி. ஒன்றும் இல்லை. கீழே மாமா இருமுவது கேட்கிறது. நான் நடந்தால் அவருக்குக் கேட்கும், அதனால் உட்கார்ந்தே இருக்கிறேன்.

பிப்ரவரி 2

மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார். நிறுத்தினேன். சீ, என்ன பிழைப்பு இது!

பிப்ரவரி 21, ஞாயிறு

ஸ்டோக்ஸ் அம்மா வீட்டுக்கே வந்தார், கேக்கோடு. நான் சமையலறை மூலையில் நின்றேன். ஈஸ்டருக்குப் பிறகு பெரிய மண்டபமாம், குழு வேண்டுமாம். மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஆனா ஒரு கண்டிசன் ஹோரஸ். உன் பேஸ் வேணும். அந்தத் தட்டுல எல்லாம் இருக்கு, உன் கட்டைவிரல் இல்ல. வயித்துல ஒண்ணும் விழ மாட்டேங்குது. ஆனா டிரம்ஸுக்கு மட்டும் ஆள் வேணாம். பெட்டி வச்சுக்கோ. எங்களுக்கு வயசாச்சு, இன்னொரு தடவ விழுந்தா எழுந்திருக்க மாட்டோம். தம்பி, தப்பா எடுத்துக்காத."

"இல்லம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் போனபின் மாமா கேக்கைத் தொடவில்லை.

பிப்ரவரி 26

லூசியஸ் தொலைபேசியில் சொன்னான், நம்ப முடியவில்லை. மாமா நேற்று கடைக்கு வந்தாராம். தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டு. 'அந்தச் சனியன் எங்க' என்றாராம். பெட்டியில் நான் வைத்த தாளம் அழியாமல் இருந்திருக்கிறது. லூசியஸ் போட்டுக் காட்டியிருக்கிறான். கிழவர் நின்று கேட்டாராம். காருக்குப் போய் பேஸை எடுத்து வந்தாராம். கடையைச் சாத்தும் வரை போகவில்லையாம்.

"வேர்த்துக் கொட்டிச்சுடா உங்க மாமனாருக்கு" என்றான்.

என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உப்பை எடு" என்றார், அதோடு சரி.

மார்ச் 7, ஞாயிறு

பெட்டி இப்போது கீழே சமையலறை மேசையில் இருக்கிறது. லூசியஸிடம் இரவல். மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இதுக்கு நம்ம பாட்டு எல்லாம் சொல்லிக் குடு."

"வேர்க்காதுன்னு சொன்னீங்களே மாமா."

"அது வேர்க்க வேணாம். நான் வேர்ப்பேன். நீ அமுக்கு."

மார்ச் 24

தினமும் ஒரு பாட்டு. என் கையில் என்னவெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போடுகிறேன். மறந்துபோன தாளங்கள்கூட வருகின்றன. பாதிக்கு மேல் வேண்டாம் என்று நானே எடுத்தும் விடுகிறேன். இன்று ஒரு பாட்டு முடிந்ததும் கேட்டேன் — அது நான்தான். நான் அவசரப்படாமல் இருந்தால் எப்படி வாசிப்பேனோ அப்படி. பயமாக இருந்தது.

மாமா அதன்மேல் வாசிக்கிறார். இதை மறைக்க முடியாது: அவர் இப்படி வாசித்து நான் கேட்டதில்லை. ஜெர்மன்காரர்கள் விட்டதுபோல் நான் விட்ட காலி இடத்தில் வந்து கட்டைவிரலால் ஒரு அடி, சும்மா நிற்பார், அப்புறம் சரேலென ஒரு இழுப்பு. தட்டில் இருந்ததும் இல்லை, எங்கள் பழைய ஃபங்கும் இல்லை. இதற்குப் பெயர் எனக்குத் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்து முறைக்கிற வேலை இல்லாததால் அவருக்கு வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

அழகாக இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது. இரண்டையும் அந்தச் சமையலறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 18, ஞாயிறு

நேற்று பெரிய மண்டபம். டிரம்ஸ் இல்லை. நான் வெளிர்நீல சூட்டில் மேடை ஓரம், ஒரு சின்ன மேசை, அதன்மேல் பெட்டி. பாட்டு ஆரம்பத்தில் ஒரு அமுக்கு, முடிவில் ஒரு அமுக்கு. நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். லிஃப்ட்காரன் வேலை.

தளம் நிறைந்தது. ஸ்டோக்ஸ் அம்மாவின் வரிசை ஒரு அடி பிசகவில்லை. கிழவரின் பேஸ் விழுகிற இடமெல்லாம் அவர்கள் இடுப்பு விழுந்தது. பிள்ளைகளும் பேரன்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் குழுவுக்கு இப்படி ஒரு கூட்டம் நான் கண்டதில்லை.

இடைவேளைக்குப் பிறகு லூசியஸ் ஒரு மிதிகட்டையைக் கொண்டுவந்து பெட்டியில் மாட்டினான். மாமா காலால் மிதித்தார், தாளம் வந்தது. மிதித்தார், நின்றது. அதன்பின் மேசை ஓரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கடைசிவரை நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 20

இன்று காலை மாமா காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, இனிமே நீ மேடைக்கு வேணாம்."

"ஏன் மாமா?"

"நீதான் பெட்டிக்குள்ள இருக்கியே. அது போதும் எனக்கு. அது 'சரி மாமா சரி மாமா'ன்னு சொல்லாது. நீ அதைச் சொல்றதை எத்தனை வருஷம்டா நான் கேக்கறது?"

ஒரு நிமிடம் எனக்கு வெறி வந்தது. கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். என்னை அடைத்து வைத்தவர் அவரா, நானா? வாயைத் திறந்து கேட்டேன், முதல்முறையாக: "அப்ப வீடு?"

"இருக்கணும்னா இரு. போகணும்னா போ. என்னைக் கேக்காத, கேட்டா நான் போக வேணாம்னுதான் சொல்வேன். என் பொண்ணும் உன்கூடப் போயிடுவா பாரு, அதனால."

அவர் குரல் உடைந்தமாதிரி இருந்தது. இல்லை, காப்பி சூடாக இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 29

போகலாம் என்று மாமாவே சொல்லியாகிவிட்டது. நான் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறேன். கீழே யாரும் 'எங்க கெளம்பிட்ட' என்று கேட்பதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மே 4

லூசியஸ் கடைக்குப் போய்வந்தேன். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "கடைக்குப் போறேன் மாமா. பெட்டியையும் எடுத்துட்டுப் போறேன், அதுல வேலை இருக்கு. தினமும் போவேன்." அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி" என்றார்.

மே 9, ஞாயிறு

நேற்று வெர்னிட்டா மஞ்சள் கவுனை மாட்டிக்கொண்டு, "மண்டபத்துக்கு வா" என்றாள்.

"அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"அதனாலதான் கூப்பிடறேன்."

சாதாரணச் சட்டையில் போனேன். மேசையில் உட்கார்ந்து கோழி தின்றேன். மேடையில் வாசிக்கும்போது மாமாவின் முகத்தை எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, முதுகுதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறார். குழந்தை முகம்.

வெர்னிட்டா என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். எனக்கு ஆடத் தெரியாது. தாளம் நான் வைத்தது, எங்கே என்ன வரும் என்று எனக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை. அவள் என் இடுப்பில் கைவைத்து நிறுத்தினாள், நகர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. ஆறு வருடமாக சனிக்கிழமை சனிக்கிழமையாக மண்டபம். நான் மேடையில். இவள்?

"இத்தனை நாள் யார்கூட ஆடின?"

"யார்கூடவும் இல்ல. உக்காந்திருப்பேன். நீ தட்டி முடியட்டும்னு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேசையில் உப்பு இருக்கிறது என்பது போலச் சொன்னாள். அந்தப் பாட்டு முடிந்து அடுத்ததும் ஆடினோம், அதற்கடுத்ததும். மேடையில் கிழவர் எங்களைப் பார்த்தார், பார்க்காதவர் போல மிதிகட்டையை மிதித்தார்.

இப்போது மணி பத்து. சர்ச்சுக்குப் போகவில்லை. வெர்னிட்டா இன்னும் தூங்குகிறாள். எனக்குக் கால் வலி தாங்கவில்லை. மதியம் லூசியஸ் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை பார்க்கப் போகிறோம்.